இல்லறமும் ஆற்றுப் பயணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் தம்பதியர் இருவர் சேர்ந்து நிகழ்த்திய பேச்சு)



மேடையில் ஒருவர் நின்று பேசுவதே வழக்கம். இன்று கணவனும் மனைவியுமாக இருவர் வந்து நிற்கின்றோம். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துச் சொல்லுவோம்; ஒருவர் அளவுக்கு மீறிப் பேசினால் மற்றவர் தொண்டையைக் கனைத்து நிறுத்துவோம். எங்கள் வீட்டிலும் காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

இல்லறத்துக்கும் ஆற்றுப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். மற்றவர் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். குடியிருப்பு, நம்மில் பலரைப் போல, லயத்து வீடுதான். சில ஆண்டுகளாக, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, நம் பக்கத்து வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் வருகின்றோம். பருவ காலத்தில் சிவனொளிபாத மலை; வெயில் காலத்தில் ஹோர்ட்டன் சமவெளி; அப்புறம் கித்துல்கலவில் களனி கங்கையிலே தெப்பப் பயணம். தெப்பம் என்றால் கோயில் திருவிழாத் தெப்பம் அன்று. காற்றடைத்த ரப்பர்த் தெப்பம். ஆறு எட்டுப் பேர் துடுப்புப் பிடித்து உட்கார்ந்து, பாறைகளுக்கிடையே பாயும் வெள்ளத்தில் இறங்குவது. இந்தப் பயணங்கள் யாவும் எங்கள் அடுப்படியிலேதான் பிறக்கின்றன. ஆகவே தலைப்பு பொருத்தமானதே.

அன்பர்களே, நம்மவருக்குப் பயணம் புதிதன்று. கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட பிறகு, இந்த மலைகளெல்லாம் நம்மவர் கை பட்டே பச்சையாயின. ஆனால் அந்த மலையில் மகிழ்ச்சிக்காக ஏறினோமா? மலை நமக்கு வேலைத்தலம். பெரட்டுக்குப் போகும் வழி. கொழுந்துக் கூடையோடு இறங்கும் சரிவு. சிவனொளிபாத யாத்திரையும் கதிர்காம யாத்திரையுமே நாம் நம் மனத்தால் மேற்கொண்ட பயணங்கள் எனலாம்.

கித்துல்கல என்றவுடன் பெரியவர்களுக்கு ஒரு திரைப்படம் நினைவுக்கு வரும். 1957இல் வெளிவந்த, டேவிட் லீன் இயக்கிய, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படம். அந்தப் பாலத்தை இந்தக் களனி கங்கையின் மேலேதான் கட்டினார்கள். கதையின் முடிவில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பயணிகளுக்கு அந்த இடத்தை இன்றும் காட்டுவார்கள். அங்கே முதன்முறை நின்றபோது எங்கள் மனம் வேறோர் இடத்துக்குப் போயிற்று. படத்திலே கதையானது உண்மையில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சியாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானிய இராணுவம் போட்ட ரயில் பாதை. படம் போர்க் கைதிகளின் கதையைச் சொல்கிறது. அந்தப் பாதையில் கைதிகளை விட அதிகமாக உழைத்தவர்கள் ஆசிய நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுள் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஏராளம். வாந்திபேதியாலும் பட்டினியாலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களும் தோட்டத்து மக்கள். நம்மைப் போலவே லயத்திலிருந்து போனவர்கள்.

இந்தக் கதையை இங்கே ஏன் எடுத்தோம் என்றால், ஒரே ஒரு வேற்றுமையைச் சொல்லத்தான். அவர்கள் பிறர் கட்டளையால் ஆற்றுக்குப் போனார்கள். திரும்பி வர அவர்களுக்கு உரிமை இல்லை. நாம் நம் விருப்பத்தால் போகின்றோம். விருப்பத்தால் போகிறவனுக்கு, வேண்டாம் என்று திரும்பி வரும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறது. இந்த உரிமையின் அருமையை நாங்கள் உணர்ந்த கதையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சில வார்த்தைகள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் நம் மலைகளில் பிறந்து, கீழே ஒன்று சேர்ந்து களனி கங்கையாகின்றன. இந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். லக்ஷபான மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. பின்னர் 1965இல் காசல்ரீயும் 1969இல் மவுஸ்ஸாகலையும் நீர்த்தேக்கங்களாயின. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்குள்ளே போயிற்று. வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலின் பகுதிகள் வெளியே தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்குக் கீழே இன்னும் பல அணைகளும் மின் நிலையங்களும் உண்டு. ஆகவே கித்துல்கலவில் ஓடும் நீரின் அளவை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மேலே நீரைத் திறக்கும் நேரமும் தீர்மானிக்கிறது. வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு உயரலாம். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், கரையோரக் கல் ஒன்று மெல்ல மறைந்தால், நீர் ஏறுகிறது என்று பொருள்.

வெள்ளத்தின் கடுமையை உலகெங்கும் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். கித்துல்கலவில் தெப்பம் விடும் பகுதி சாதாரண நாளில் இரண்டு, மூன்று என்ற தரத்தது. பழகாதவரும் வழிகாட்டியோடு போகலாம். ஆனால் நீர் ஏறினால் அதே இடம் வேறு ஆறாகிவிடும்.

இனி எங்கள் அடுப்படிக்கு வருவோம். இரவுச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு, பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி ஒன்றை விரித்து இருவரும் உட்காருவோம். பெயர், வயது, நீந்தத் தெரியுமா, மருந்து ஏதும் எடுப்பவரா, வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அடுத்த பக்கத்தில் செலவு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவானது. ஒரு நாள் உல்லாசத்துக்காக ஒரு வீட்டில் இரண்டு மூன்று நாள் உழைப்பு போகிறது என்றால், அந்தக் காசுக்குக் கணக்கு காட்ட வேண்டாமா? பஸ் வாடகை, தெப்பக் கட்டணம், ரொட்டிக்கு மா, சம்பலுக்குத் தேங்காய், அட்டைக்கு உப்பு, காயத்துக்கு மருந்துப் பெட்டி, ஒரு விசில். எல்லாம் எழுதப்படும்.

எங்களில் கணவர் இடங்களைப் பற்றி ஆசையோடு பேசுவார். மனைவி எண்ணிக்கையைப் பற்றிக் கேட்பார். தொடக்கத்தில் இதை ஒரு குறையாகவே கணவர் நினைத்தார். உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுகிறாளே என்று சலித்ததும் உண்டு. பிறகு ஒரு நூலிலே படித்தோம்: 1869இல் அமெரிக்காவில் கொலராடோ நதியின் பெரும் பள்ளத்தாக்கைக் காணப் போன பவல் என்பவர், ஒன்பது பேரோடு நான்கு படகுகளில் புறப்பட்டாராம். உணவையும் கருவிகளையும் ஒரே படகில் ஏற்றாமல் பிரித்து ஏற்றினார். சில வாரங்களுக்குள் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. அதிலிருந்த உணவு போயிற்று. மற்றப் படகுகளில் மிச்சம் இருந்ததால் பயணம் தொடர்ந்தது. இதைப் படித்த மனைவி சிரித்தார். “எங்க அம்மா அரிசியை மூணு டின்னில போட்டு வைப்பாங்க. ஒன்னுல வண்டு விழுந்தாலும் மத்தது தப்பும். அவங்க அமெரிக்காவுக்கா போனாங்க?” என்றார். நம் தாய்மார் ஒவ்வொருவரிடமும் இந்தப் பயண அறிவு உண்டு, அன்பர்களே. குறைந்த சம்பளத்தில் மாதக் கடைசி வரை அடுப்பெரிக்கத் தெரிந்தவருக்கு, இருபது பேரை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரவும் தெரியும்.

கொப்பி எழுதி முடிந்தால் வீடு வீடாகப் போவோம். பெண் பிள்ளைகளை அனுப்பும்படி கேட்பதுதான் கடினம். “புருஷனும் பெஞ்சாதியுமா ஊர்ப் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு காடு மேடு திரியுறாங்க” என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதும் காதில் விழுந்தது. ஒரு வீட்டில், ஆயுள் முழுவதும் கொழுந்தெடுத்த ஒரு தாய் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: “எம் புள்ளய எண்ணித்தான் தர்றேன் டீச்சரம்மா. எண்ணித்தான் வாங்குவேன்.” கொழுந்து நிறுக்கும் இடத்தில் தம் கிலோவுக்குக் கண் இமைக்காமல் கணக்குப் பார்த்துப் பழகியவர் அவர். அந்த வார்த்தையை நாங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்தோம்.

அந்த முறை பதினேழு பேர் புறப்பட்டோம். ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கும் பாதையில் பஸ் முழுவதும் பாட்டு. முதல் நாள் இரவு மலையில் நல்ல மழை பெய்திருந்தது. கரையில் இறங்கிப் பார்த்தால் ஆறு தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. இலையும் சுள்ளியும் மிதக்கின்றன. எங்களுக்குக் கொடுத்த உயிர்காப்பு அங்கிகளை மனைவி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இரண்டில் கொளுக்கி உடைந்திருந்தது. மாற்று அங்கி இல்லை. கயிற்றால் கட்டிக்கொள்ளலாம், பயமில்லை என்றார்கள் தெப்பக்காரர்கள்.

“இன்னைக்கு வேணாம்” என்றார் மனைவி.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. இதை மறைக்காமல் சொல்லுகிறோம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பணம் கட்டியாயிற்று, பிள்ளைகள் மாதக்கணக்காகக் காத்திருந்தார்கள், அந்த இரண்டு பேரை மட்டும் கரையில் விட்டுவிட்டு மற்றவர்கள் போகலாமே என்றார். “ரெண்டு பேருக்கு அங்கி இல்ல, பதினேழு பேருக்கும் தண்ணி ஏறுது” என்றார் மனைவி. வாலிபர்களுக்கு முன்னாலேயே குரல் உயர்ந்தது. இருவருக்கும் அது அவமானமாகவே இருந்தது. முடிவில் மனைவி, “நீங்க போறதுன்னா போங்க. அந்த அம்மா எண்ணிக் குடுத்த புள்ளய நான் கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். பெண் பிள்ளைகள் பின்னாலே ஏறினார்கள். பிறகு எல்லோரும் ஏறினார்கள். கடைசியாகக் கணவரும் ஏறினார்.

திரும்பும் வழியில் பாட்டு இல்லை. கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பிக் கிடைத்தது. அலுமாரி வாங்கவென்று சீட்டுப் பிடித்த பணத்தை எடுத்து, குறைந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இன்றும் எங்கள் வீட்டில் அலுமாரி இல்லை.

அன்று ஆற்றில் விபத்து நடந்திருக்கும், நாங்கள் தப்பினோம் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதே நேரத்தில் போன வேறு தெப்பங்கள் சுகமாகக் கரை சேர்ந்தன. அதைக் கேள்விப்பட்ட வாலிபர்கள் சிலர் எங்களைக் கேலி செய்தார்கள். வீட்டில் நாலு நாள், சோறு, தண்ணீர் என்ற சொற்களைத் தவிர நாங்கள் இருவரும் வேறொன்றும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் இரவு கணவரே கொப்பியை எடுத்து விரித்தார். முதற் பக்கத்தில் இருந்த அந்தத் தாயின் வார்த்தையைப் பார்த்தார். விபத்து நடக்கவில்லை என்பதால் போயிருக்கலாம் என்று ஆகிவிடுமா? உடைந்த கொளுக்கியோடு ஒருவரை இறக்கி, அவர் தற்செயலாகப் பிழைத்து வந்தால், அது நம் கெட்டித்தனமா, ஆற்றின் கருணையா? இதை இருவரும் நெடுநேரம் பேசினோம். அன்றிரவு ஒரு சட்டம் எழுதினோம். எங்கள் இருவரில் எவர் ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் பயணம் நிற்கும். போவதற்கு இருவர் சம்மதம் வேண்டும். நிற்பதற்கு ஒருவர் சொல் போதும். காரணம் அங்கேயே விளக்க வேண்டியதில்லை; வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளில் எவருக்கும் தம்மைப் பொறுத்தவரை இதே உரிமை உண்டு. கரையில் இருக்க விரும்புபவரைக் கேலி செய்பவர் அடுத்த முறை வர முடியாது.

இந்தச் சட்டம் எங்கள் இல்லறத்துக்கும் வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடன் வாங்குவதா, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போவதா என்ற கேள்விகளெல்லாம் வந்தபோது இதையே கைக்கொண்டோம். ஒருவருடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மற்றவர் பணிவது தோல்வி அன்று என்பதை ஆற்றங்கரையில்தான் கற்றோம்.

திரும்பி வருவது கோழைத்தனம் என்று எண்ணும் வாலிபருக்கு ஒரு பெரியவரைக் காட்டுகின்றோம். 1953இல் டென்சிங்குடன் எவரெஸ்டின் உச்சியில் நின்ற எட்மண்ட் ஹிலாரி, 1977இல் தம் தோழர்களோடு வங்கக் கடலிலிருந்து கங்கை நதியின் மேல்நோக்கி விசைப் படகுகளில் போனார். இமயத்தில் ஓர் அருவி வழி மறித்தது. படகை விட்டு இறங்கி நடந்தார்கள். மேலே மலையில் ஹிலாரிக்கே உயரத்தால் வரும் நோய் கண்டது. தோழர்கள் அவரைக் கீழே இறக்கி உயிர் காத்தார்கள். உலகத்தின் உச்சியில் நின்றவரும் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கினார். அதனால் அவர் புகழ் குறைந்ததா?

சில மாதங்கள் கழித்து, மழை ஓய்ந்த காலத்தில், மறுபடியும் கித்துல்கலவுக்குப் புறப்பட்டோம். இம்முறை கணவர் ஒருநாள் முன்னதாகவே போய், வேறு தெப்பக்காரர்களிடம், அங்கிகளையும் தலைக்கவசங்களையும் தம் கையால் இழுத்துப் பார்த்து வந்தார். முன்பு கேலி செய்தவர்களும் வந்தார்கள். அந்தக் கொழுந்தெடுக்கும் தாயும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். ரொட்டிப் பொட்டலம் அவர் மடியில். நீர் தெளிவாக இருந்தது. வழிகாட்டி சொல்லிக் கொடுத்ததைக் கரையிலேயே எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைத்தோம். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதே. கால் பாறையிடுக்கில் சிக்கும். மல்லாந்து, கால்களை நீரோடும் பக்கம் நீட்டி, விரல்கள் வெளியே தெரிய மித. துடுப்பின் கைப்பிடியை விடாதே. அது பக்கத்தவர் பல்லை உடைக்கும்.

தெப்பம் முதல் வெள்ளத்தில் இறங்கியபோது எழுந்த கூச்சலை எப்படிச் சொல்லுவது! குளிர்ந்த நீர் முகத்தில் அறைகிறது, தெப்பம் வளைகிறது, வழிகாட்டியின் ஒரே குரலுக்கு எட்டுத் துடுப்புகளும் ஒன்றாக விழுகின்றன. நம் மலையில் பெய்து, நம் தேயிலைச் சரிவில் ஓடி வந்த தண்ணீர் அது. அதன் மேல் நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். கீழே கரையேறியபோது அந்தத் தாய் அங்கே நின்றார். தம் மகளை மட்டும் பார்க்கவில்லை. விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். “சரியா இருக்கு” என்றார். பிறகுதான் ரொட்டிப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

வாலிபத் தோழர்களே! ஒவ்வோர் ஆண்டும் நம் பகுதி அருவிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் இளம் உயிர்கள் போகின்றன. விடுமுறை நாள், நாலு நண்பர்கள், திடீர் முடிவு, சிலவேளை மதுவும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். ஆற்றுக்குப் போகாதே என்று நாங்கள் சொல்லவில்லை. கொப்பியோடு போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மது இல்லாமல் போங்கள். போத்தலையும் பொலித்தீனையும் பொறுக்கிக்கொண்டு திரும்புங்கள். உங்கள் கூட்டத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தலைவருக்குச் சமமாக மதியுங்கள்.

பெரியோர்களே! பிள்ளைகளை, சிறப்பாகப் பெண் பிள்ளைகளை, அனுப்பி வையுங்கள். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள். கூட்டிப் போகிறவரிடம் கொப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டாதவரோடு அனுப்பாதீர்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்த பருவத்தில் சிவனொளிபாத மலைக்குப் போக எண்ணியிருக்கின்றோம். நல்லதண்ணியிலிருந்து ஏறக்குறைய 5,500 படிகள். கொப்பியில் இடம் இருக்கிறது. விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து பெயரைக் கொடுக்கலாம். வீட்டில் கேட்டுவிட்டு வந்து கொடுத்தால் இன்னும் நல்லது.